மோட்டார் ஓடும்வரை ஓடும் ஆறு: லவுசிட்ஸ் சுரங்கங்களும் ஷ்ப்ரே நதியும்

கிழக்கு ஜெர்மனியில் லவுசிட்ஸ் என்ற பகுதியில் கொட்புஸ் என்று ஒரு நகரம். அதன் பாலத்தில் நின்று பார்த்தால் ஷ்ப்ரே ஆறு சாதாரணமாகத்தான் தெரியும். கரையோரம் மரங்கள், நடுவில் நிதானமான ஓட்டம். ஆனால் மழையில்லாத கோடை மாதத்தில் அங்கே ஓடுகிற தண்ணீரில் நாலு குடத்துக்கு மூன்று குடம் வரைக்கும் ஆற்றின் சொந்தத் தண்ணீர் இல்லை. மேலே இருக்கிற பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் பூமிக்குள்ளிருந்து இறைத்துக் கொட்டிய தண்ணீர். வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதி அப்படித்தான். ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமை 2023-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது.

சுரங்கம், நிலத்தடி நீர் என்று பேச்செடுத்தாலே வற்றிய கிணறு, செத்துப்போன ஊற்று, காய்ந்த ஓடை என்றுதான் நம் மனம் போகும். அதெல்லாம் இங்கேயும் நடந்தது. ஆனால் பெரிய ஆற்றில் நடந்தது அதற்கு நேரெதிர். தோண்டத் தோண்ட ஆறு பருத்தது. மூன்று தலைமுறை அதைப் பார்த்து, இதுதான் ஆற்றின் அளவு என்று நம்பிவிட்டது. இப்போது சுரங்கங்களை மூடப்போகிறார்கள். ஆறு என்ன ஆகும் என்று பெர்லின் வரைக்கும் கவலை. நிலக்கரிக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கும் ஆதரவாகப் பேசுகிறவர்களுக்கும் இந்தக் கதை ஒருசேர சங்கடம் தருவதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆற்றுக்கும் நிலத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பார்த்துவிடலாம். சித்திரை வெயிலில் ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓர் ஆறு ஓடுகிறதென்றால் இரு பக்க நிலத்திலிருந்தும் நீர் கசிந்து வருகிறது என்று பொருள். சுற்றிலுமுள்ள நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரத்தில் இருக்கிறவரை இந்தக் கசிவு நடக்கும். மட்டம் படுகைக்குக் கீழே இறங்கினால் திசை திரும்பிவிடும். அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த நிலம் ஆற்றிடம் வாங்க ஆரம்பிக்கும். மட்டம் தரையைத் தொடுகிற இடத்தில்தான் ஊற்று கண் திறக்கிறது. ஒரு முழம் இறங்கினாலும் மூடிக்கொள்ளும். அதனால் முதலில் சாவது ஊற்று, அடுத்தது ஓடை. பெரிய ஆறு தாக்குப்பிடிக்கும்.

இனி இடத்துக்கு வருவோம். செக் எல்லையை ஒட்டிய லவுசிட்ஸ் மேட்டுநிலத்தில் பிறக்கிற ஷ்ப்ரே சுமார் 400 கிலோமீட்டர் ஓடி, பெர்லினின் மேற்குப் பகுதியில் ஹாவெல் ஆற்றில் சேர்கிறது. வழியில் பாவுட்சன், ஷ்ப்ரெம்பெர்க், கொட்புஸ் ஆகிய ஊர்கள். அதற்குக் கீழே ஆறு நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து கிடக்கும் ஷ்ப்ரேவால்ட் என்ற ஈரக்காடு. ஜெர்மனியிலேயே மழை குறைந்த பகுதிகளில் இது ஒன்று. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். மண்ணோ ஒரே மணல். மை உலர மணல் தூவிய காலத்தில் பிராண்டன்பர்க் மாநிலத்தையே ‘மணல் தூவும் டப்பா’ என்று கேலி செய்தார்கள்.

அந்த மணலுக்கு அடியில் பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் கனத்தில் பழுப்பு நிலக்கரி படிந்திருக்கிறது. மேலே மணல், நடுவில் கரி, கீழேயும் மணல்; மணல் முழுக்கத் தண்ணீர். அப்படியே தோண்டினால் குழியின் சுவர் சேறாகக் கரைந்து உள்ளே சரியும். அதனால் கரிக்குப் போவதற்குப் பல வருடம் முன்னாலேயே சுரங்கத்தைச் சுற்றி வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். நீர்மட்டம் குழியின் அடிக்கும் கீழே இறங்கியபின்தான் ராட்சத எந்திரம் உள்ளே போகும்.

மணலில் ஓரிடத்தில் இறைத்தால் அந்த இடம் மட்டும் இறங்காது. சர்க்கரைக் குவியலின் நடுவில் கரண்டியால் அள்ளினால் சுற்றியுள்ளது சரிந்து வருமே, அதே மாதிரி நீர்மட்டம் புனல் வடிவில் பள்ளமாகி வெளிப்பக்கம் விரியும். 1990 வாக்கில் லவுசிட்ஸில் இந்தப் பள்ளம் ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்தது.

இறைத்த மொத்தத் தண்ணீர் எவ்வளவு? அந்த 2023 ஆய்வின்படி நூறாண்டில் 5,800 கோடி கன மீட்டர். எண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. மேட்டூர் அணையை ஏறக்குறைய 22 தடவை நிரப்பலாம் என்றால் புரியும்.

இதில் பெரும்பகுதி கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் இறைத்தது. எண்ணெய் வாங்கக் காசில்லை, சொந்தமாக இருந்தது இந்தக் கரி மட்டும். 1980களின் இறுதியில் லவுசிட்ஸில் மட்டும் ஆண்டுக்கு 20 கோடி டன் அளவில் வெட்டினார்கள். அதற்காக ஆண்டுக்கு 100 கோடி கன மீட்டருக்கும் மேல் இறைத்தார்கள். டன்னுக்கு ஐந்து, ஆறு கன மீட்டர் தண்ணீர். கொஞ்சம் அனல்மின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரம் வழியாக ஆவியாகப் போனது. மிச்சம் ஆற்றில். சோர்ப் என்ற சிறுபான்மை மக்கள் வாழ்ந்த ஊர்கள் உட்பட நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இந்தக் குழிகளுக்குள் போயின. அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஷ்ப்ரே பெருகியதும் கீழே எல்லோரும் அதற்கேற்ப மாறிக்கொண்டார்கள். மின் நிலையங்கள், மீன் பண்ணைகள், ஷ்ப்ரேவால்ட் படகுக்காரர்கள், பெர்லினின் குடிநீர், கப்பல் போக்குவரத்துக் கதவணைகள் என்று எல்லாக் கணக்கும் பருத்த ஆற்றை வைத்தே போடப்பட்டது. விதைநெல்லைக் குத்திச் சமைத்துக்கொண்டு, வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமே இல்லை என்று இருந்த நிலைமை.

ஓடைகளுக்கு நடந்தது

பெரிய ஆற்றின் இந்தச் செழிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் சின்ன ஓடைகளின் கதை கண்ணில் படாது. மால்க்ஸ ஓடையை எடுத்துக்கொள்வோம். ஷ்ப்ரேவுக்குக் கிழக்கே ஓடி, பிறகு மேற்கே திரும்பி ஷ்ப்ரேவால்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யென்ஷ்வால்ட சுரங்கம் நேராக அதன் குறுக்கே வந்தது. ஓடையை இரண்டாக வெட்டிவிட்டார்கள். மேல்பாதித் தண்ணீரைக் கால்வாய் வெட்டி, போலந்து எல்லையில் ஓடும் நைஸ ஆற்றில் விட்டார்கள். கீழ்ப்பாதிக்கு இப்போது தலை இல்லை. சுரங்கத்திலிருந்து இறைத்து, சுத்திகரித்து விடுகிற தண்ணீர்தான் அதற்கு ஊற்றுக்கண். வரைபடத்தில் இரண்டு துண்டுக்கும் ஒரே பெயர்.

அதே சுரங்கத்துக்கு வடக்கே காட்டுக்குள் சில சின்ன ஏரிகள் உண்டு. க்ரோஸ்ஸே, பாஸ்ட்லிங்ஸே, பின்னோவர்ஸே. ஆறோ வாய்க்காலோ வந்து சேராத, நிலத்தடி நீரை மட்டுமே நம்பியிருக்கிற ஏரிகள். பல வருடமாக இவற்றின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. கரையோர மக்கள் சுரங்கத்தைக் கை காட்டினார்கள். சுரங்கத் தரப்பு வறட்சியைக் கை காட்டியது. இரண்டுமே உண்மை என்பதுதான் இந்த மாதிரி வழக்குகளின் பெரிய தொல்லை. மழை குறைந்த ஆண்டிலும் மட்டம் இறங்கும், பம்ப் ஓடினாலும் இறங்கும். எது எத்தனை சென்டிமீட்டர் என்று பிரிக்க, சுரங்கம் வருவதற்கு முன்னிருந்த அளவீடும், பாதிப்பு எட்டாத தூரத்தில் அதே மாதிரியான இன்னொரு ஏரியின் அளவீடும் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் வழக்கு வாய்ச்சண்டையாகவே முடியும். இங்கே கடைசியில் சுரங்கத்துக்கும் பங்கு உண்டு என்று ஆகி, 2019 முதல் அந்த ஏரிகளுக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீரும் நிலத்தடியிலிருந்து இறைத்ததுதான். நிலத்தடி நீர் இறங்கியதால் வற்றிய ஏரியை நிலத்தடி நீரை இறைத்து நிரப்புகிறார்கள். இதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தால் அதில் தவறில்லை.

கொட்புஸுக்குப் பக்கத்திலிருந்த லாக்கோமா குளங்கள் இன்னும் நேரடியான கணக்கு. பழைய மீன் குளங்கள். வயிற்றில் தீ நிறம் கொண்ட தேரைகளுக்குப் பெரிய புகலிடம். கிராமமும் குளங்களும் சுரங்கத்துக்குள் போயின. ஈடாக, ஷ்ப்ரேயின் ஒரு பகுதியைக் கொட்புஸுக்குக் கீழே பழையபடி வளைந்து ஓடும் ஆறாக மாற்றிக் கொடுத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த வளைவுகளில் ஓடுவதிலும் பாதி சுரங்கத் தண்ணீர்.

திருப்பிக் கேட்கும் பள்ளம்

1990-ல் இரு ஜெர்மனியும் ஒன்றானதும் சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. பத்து வருடத்துக்குள் உற்பத்தி கால்பங்குக்கு வந்துவிட்டது. பம்புகள் நின்றன. கணக்கின் மறுபக்கம் அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

இறைப்பை நிறுத்தினால் ஆற்றுக்கு ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் அடி விழும். இதுவரை கொட்டிய தண்ணீர் நின்றுபோகும். இது எல்லோரும் எதிர்பார்ப்பது. அதைவிட முக்கியமானது, ஆற்றுக்கு அடியிலிருக்கும் அந்த 2,000 சதுர கிலோமீட்டர் பள்ளம் தன்னை நிரப்பிக்கொள்ள ஆற்றையே உறிஞ்சும். மழை குறைந்த மணல் பூமியில் இது பத்து, இருபது வருடத்தில் முடிகிற வேலை இல்லை. மூன்றாவது, தோண்டிய குழிகள். கரியை எடுத்துவிட்டதால் திரும்ப மூட மண் பற்றாது. எஞ்சிய குழி ஏரியாகத்தான் ஆக வேண்டும். அந்த ஏரியை நிரப்ப ஆற்றுத் தண்ணீர் வேண்டும். நிரம்பிய பிறகும் விடாது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவது அங்கே பெய்யும் மழையைவிட அதிகம். காடாகவோ வயலாகவோ இருந்த நிலம் ஏரியானதால் ஒவ்வொரு கோடையும் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

கொட்புஸ் கிழக்கு ஏரியைப் பார்த்தால் இது புரியும். 2015 இறுதியில் வேலை முடிந்த சுரங்கக் குழி. 19 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2019 ஏப்ரலில் விழா எடுத்து ஷ்ப்ரே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 2018-ல் தொடங்கி மூன்று வருடம் வரிசையாக வறட்சி. ஆற்றிலேயே தண்ணீர் இல்லாதபோது ஏரிக்கு எங்கே விடுவது? திறந்த சில நாட்களிலேயே மடையை மூட வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் கொஞ்சம், மழை வந்தால் கொஞ்சம் என்று விட்டு விட்டுத்தான் நிரப்பினார்கள்.

லவுசிட்ஸில் இன்று இப்படிப் பல ஏரிகள். படகுத்துறை, மிதக்கும் வீடு, சைக்கிள் பாதை எல்லாம் உண்டு. சுற்றுலா விளம்பரத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய செயற்கை ஏரிநாடு என்று போடுகிறார்கள்.

காவி நிறத் தண்ணீர்

அளவோடு பிரச்சினை முடியவில்லை. நீர்மட்டம் திரும்பி ஏறும்போது தண்ணீரின் குணமும் மாறி வந்தது.

லவுசிட்ஸ் மணலில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தவரை அது சும்மா இருந்தது. மட்டத்தை இறக்கியதும் காற்று உள்ளே போய் பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்தது. பல பத்தாண்டு கழித்து நீர் திரும்ப ஏறியபோது அந்த இரும்பையும் சல்பேட்டையும் கரைத்துக்கொண்டு ஓடைகளுக்குள் வந்தது. நிலத்தடியில் கரைந்திருக்கும் இரும்புக்கு நிறமில்லை. நம் பக்கத்தில் சில ஊர் போர்வெல் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும்; விடிந்து பார்த்தால் குடத்தடியில் துருப்பிடித்த மாதிரி செம்படிவு. ஷ்ப்ரேயிலும் அதன் துணை ஓடைகளிலும் நடந்தது அதேதான், ஆறளவில். 2010-க்குப் பிறகு தண்ணீர் காவியாக ஓடியது. படுகையில் படிந்த துருச்சேறு பூச்சிகளையும் மீன் முட்டைகளையும் மூடியது.

இதற்குள் ஷ்ப்ரேவால்ட் பதறிவிட்டது. தட்டைப் படகில் பயணிகளை ஏற்றி, மரநிழலில் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவதும், வெள்ளரி ஊறுகாயும்தான் அவர்கள் பிழைப்பு. அங்கே லேடே என்ற கிராமத்தில் தபால்கூடப் படகில்தான் வரும். அந்த வாய்க்கால்கள் காவியானால் யார் வருவார்கள்? இப்போதைக்குக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அவற்றுக்கு மேலேயுள்ள ஷ்ப்ரெம்பெர்க் நீர்த்தேக்கம். 1965-ல் வெள்ளத் தடுப்புக்காகவும் மின் நிலையங்களுக்கு நீர் தரவும் கட்டி முடித்த அணை, இன்று வடிகட்டியாகிவிட்டது. அதன் முகப்பில் சுண்ணாம்பும், துகள்களைத் திரள வைக்கும் மருந்தும் போட்டு இரும்பைப் படிய வைக்கிறார்கள். படிந்த சேற்றை அள்ளி எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி.

இரும்பாவது படியும். சல்பேட் படியாது, கரைந்தபடியே பெர்லின் வரைக்கும் போகும். பெர்லினின் கிழக்கே முக்கெல்ஸே ஏரிக்கரையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாகன் நீரேற்று நிலையம் இருக்கிறது. ஏரிக்கரை மணல் வழியாக வடிந்து வரும் நீரைக் கிணறுகளில் எடுத்துக் குடிநீராகத் தருகிறார்கள். குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஷ்ப்ரேயில் சல்பேட் ஏற ஏற, வேறு கிணற்று நீரைக் கலந்து சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஓடர் ஆற்றங்கரையிலிருக்கும் ஃபிராங்க்ஃபர்ட் (விமான நிலையம் இருக்கிற பெரிய ஃபிராங்க்ஃபர்ட் அல்ல) நகரத்துக்கும் ஷ்ப்ரே ஓரத்திலிருந்துதான் குடிநீர் வந்தது. அந்த ஊர்க் குடிநீர் நிறுவனம் சண்டை போட்டு, 2020-ல் சுரங்க நிறுவனங்களிடமிருந்து ஈட்டுத்தொகை வாங்கியது.

ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இந்தக் காவி பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்திலிருந்து வருவதில்லை. அங்கே இறைத்த நீரிலிருந்து இரும்பை நீக்கித்தான் விடுகிறார்கள். மூடிப் பல வருடமான சுரங்கங்களைச் சுற்றி நீர்மட்டம் ஏறும் இடங்களிலிருந்துதான் வருகிறது. அந்தப் பழைய சுரங்கங்கள் அரசு நிறுவனத்தின் பொறுப்பு. அதாவது வரிப்பணம்.

2038-க்குப் பிறகு

2020-ல் ஜெர்மனி சட்டம் போட்டது: கடைசி நிலக்கரி மின் நிலையம் 2038-க்குள் நிற்க வேண்டும். யென்ஷ்வால்ட சுரங்கத்தில் 2023 இறுதியோடு கரி எடுப்பது முடிந்தது. மிச்சமுள்ளவை நோஹ்டன், ரைஹ்வால்ட, வெல்ட்ஸோ தெற்கு ஆகிய மூன்று. இவையும் நின்றால் வறண்ட ஆண்டுகளில் ஷ்ப்ரேக்கு 12.6 கோடி கன மீட்டர் வரை தட்டுப்பாடு வரும் என்கிறது அதே 2023 ஆய்வு. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு.

என்ன செய்யலாம் என்று ஆலோசனைகள் இருக்கின்றன. எல்ப ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாம். நைஸவிலிருந்தோ ஓடரிலிருந்தோ திருப்பலாம். இருக்கிற அணைகளில் கூடுதலாகத் தேக்கலாம், சில சுரங்க ஏரிகளை நீர்த்தேக்கமாகப் பயன்படுத்தலாம். எதுவும் சுலபமில்லை. கோடையில் எல்பவிலும் தண்ணீர் இருக்காது. நைஸவும் ஓடரும் போலந்தோடு பங்கு போட வேண்டியவை. குளிர்காலத்தில் எடுத்துத் தேக்கினால்தான் உண்டு. அப்புறம் பணம். இறைத்தவர் கொடுப்பதா, நாடு கொடுப்பதா, குடிக்கிற பெர்லின் கொடுப்பதா என்று சாக்சனியும் பிராண்டன்பர்க்கும் பெர்லினும் பேசிக்கொண்டிருக்கின்றன. மூன்றும் தனித்தனி மாநிலங்கள். ஆறு மட்டும் ஒன்று. நமக்குத் தெரியாத கதையா?

‘அப்படியானால் சுரங்கத்தை மூடாமல் விட்டுவிடலாமே’ என்று அங்கே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இறைக்கிற ஒவ்வொரு வருடமும் பள்ளம் நிரம்பாமல் தள்ளிப்போகிறது, திருப்பித் தர வேண்டியது அப்படியே நிற்கிறது. ‘மூடினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிற எதிர்த்தரப்பும் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறது.

இதைப் படித்தபோது நெய்வேலி நினைவுக்கு வராமல் இல்லை. அதே பழுப்பு நிலக்கரி. 1957-ல் தொடங்கி, 1961-ல் கரியைத் தொட்ட முதல் சுரங்கத்தில் வேலை செய்த சக்கர வாளி எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அடியிலிருக்கும் தண்ணீரின் நிலைமை மட்டும் வேறு. இங்கே கரிக்குக் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்தில் நீர் அடைபட்டிருந்தது. அறுபது, எண்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் நிற்பதற்குச் சமம். மேலிருக்கும் மண்ணை அகற்றினால் சுரங்கத் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். அதனால் அன்றிலிருந்து இன்றுவரை இறைத்தே ஆக வேண்டும். கடலூர் பக்கத்தில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கிய கிணறுகள் இருந்தன. இன்று அதே மண்ணில் ஆழத்தில் மோட்டார் இறக்குகிறார்கள். அதற்குச் சுரங்கம் மட்டும் காரணமில்லை, விவசாய போர்வெல்லும் தொழிற்சாலை இறைப்பும் சேர்ந்த கதை. பிரித்துச் சொல்வது இங்கேயும் அதே அளவு கடினம்.

நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் பரவனாற்றில் விழுந்து வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. அதை நம்பி நடவு நடக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த வயலுக்குள் எந்திரங்கள் இறங்கி, பெரிய போராட்டம் ஆனதே, அது இதே பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காகத்தான். அப்போது நிலத்தைப் பற்றியும் பயிர் இழப்பீட்டைப் பற்றியும் நிறையப் பேசினோம். கரி தீர்ந்து பம்ப் நிற்கிற அன்றைக்கு வாலாஜா ஏரி மதகில் எவ்வளவு வரும் என்பது பேச்சில் வரவில்லை.